பேட்டரியை மாற்றுவதற்கு முன்: பழைய பைக்கில் சார்ஜ் ஏறாத கோளாறைக் கண்டுபிடிப்பது

ஹாரன் கம்முகிறது. இண்டிகேட்டர் போட்டால் விட்டு விட்டு எரியாமல் மங்கலாக அப்படியே நிற்கிறது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் ரிலேயின் ‘டக் டக்’ சத்தம் மட்டும்தான் வருகிறது. கடைக்குப் போனால் பெரும்பாலும் பைக்கைத் தொடுவதற்கு முன்பே பதில் வந்துவிடும்: “பேட்டரி போச்சு சார், புதுசு போட்டுடலாம்.” புதுசு போட்டதும் எல்லாம் பளிச்சென்று வேலை செய்யும். சில வாரங்கள் கழித்து மறுபடி அதே கம்மல். இந்த முறை குற்றம் பேட்டரி கம்பெனி மேல் விழும்.

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஸ்ப்ளெண்டரோ பல்சரோ புல்லட்டோ வைத்திருப்பவர்கள் இப்படி வீணாக்கும் காசு கொஞ்சநஞ்சமல்ல. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் இருந்தால் கோளாறு எந்தப் பாகத்தில் என்று நீங்களே சொல்லிவிடலாம். பிறகு கழற்றி மாட்டும் வேலையைக் கடையில் கொடுத்தாலும், எதை மாற்றச் சொல்ல வேண்டும் என்று தெரிந்து கொடுப்பீர்கள்.

மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

பேட்டரி மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும், உண்டாக்காது. மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் யாரும் முதலில் தொட்டியை மாற்றுவதில்லை. மோட்டார் ஓடுகிறதா, பைப் எங்காவது ஒழுகுகிறதா என்றுதான் பார்ப்போம். பைக்கிலும் அந்த வரிசையில்தான் யோசிக்க வேண்டும்.

மோட்டாரின் வேலையைச் செய்வது மேக்னெட்டும் காயிலும். கிராங்க் ஷாஃப்டின் ஒரு முனையில் காந்தம் பதித்த கிண்ணம் ஒன்று இன்ஜினோடு சேர்ந்து சுற்றும். அதைத்தான் மேக்னெட் என்கிறோம். அதற்குள்ளே அசையாமல் நிற்பது, இரும்புப் பற்களில் செம்புக் கம்பி சுற்றிய காயில் பிளேட். ஸ்டேட்டர் என்றும் சொல்வார்கள். காந்தம் சுற்றச் சுற்ற, காயிலில் மின்சாரம் பிறக்கும். இன்ஜின் வேகம் கூடினால் வோல்ட்டும் கூடும்.

இதில் இரண்டு சிக்கல்கள். காயிலில் பிறப்பது ஏ.சி., அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்; பேட்டரிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடும் டி.சி. அதோடு, வேகத்துக்கு ஏற்ப வோல்ட் எகிறிக்கொண்டே போனால் பேட்டரி கொதித்துவிடும். இரண்டையும் சரிசெய்யத்தான் நடுவில் அலுமினியப் பெட்டி போல ஒரு பாகம் உட்கார்ந்திருக்கிறது: ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். கடைகளில் ஆர்.ஆர். யூனிட் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ரெக்டிஃபையர் பகுதி ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும். ரெகுலேட்டர் பகுதி, வோல்ட் சுமார் 14.5-ஐத் தாண்டாமல் பிடித்து வைக்கும்.

எப்படிப் பிடித்து வைக்கிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். பழைய பைக்குகளில் பெரும்பாலானவற்றில் இருக்கும் ஆர்.ஆர்., வேண்டாத மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை. காயில் கம்பிகளை நொடிக்குப் பல தடவை ஷார்ட் செய்து, மிச்ச மின்சாரத்தைக் காயிலுக்கே திருப்பி விடுகிறது. அதனால் நீங்கள் லைட் போட்டாலும் போடாவிட்டாலும் காயில் முழு வேலை செய்துகொண்டே இருக்கும். ஆர்.ஆர். சூடாவதும் காயில் கருகுவதும் இதனால்தான். ஆர்.ஆர். மேல் வரிவரியாகத் தகடுகள் இருப்பது சூட்டைக் காற்றில் விடுவதற்கு. அழகு கெடுகிறது என்று அதைப் பிடுங்கி சீட்டுக்கடியில் பஞ்சு சுற்றி வைத்த பைக்குகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி வைத்தால் எந்த ஆர்.ஆர்.-ம் நாள் தாங்காது.

வண்டி ஓடுகிறதே, பிறகென்ன?

கிக்கரை உதைத்தால் ஸ்டார்ட் ஆகிறது, ஹெட்லைட் எரிகிறது, அப்படியென்றால் சார்ஜிங் நன்றாகத்தானே இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். பழைய ஸ்ப்ளெண்டர் வகையில் இது பெரிய ஏமாற்று. அந்த வண்டிகளில் பெட்ரோலைப் பற்ற வைக்கும் பொறிக்கு (ஸ்பார்க்) வேண்டிய மின்சாரம் காயில் பிளேட்டில் தனியாகச் சுற்றிய ஒரு காயிலிலிருந்து நேராகப் போகிறது. ஹெட்லைட்டும் பேட்டரியைத் தொடுவதில்லை, ஏ.சி.யிலேயே எரிகிறது. சிக்னலில் நிற்கும்போது லைட் மங்கி, ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் பிரகாசமாவது அதனால்தான். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட் ஆகியவைதான் பேட்டரியை நம்பி இருப்பவை. ஆகவே பேட்டரியை முழுக்கச் சாகடித்தாலும் அந்த வண்டி ஓடும். பின்னால் வருபவனுக்கு உங்கள் பிரேக் லைட் மட்டும் தெரியாது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொறியும் ஹெட்லைட்டும் பேட்டரியில் ஓடும் டி.சி. வகை வண்டிகளில் கதை வேறு. அவற்றில் சார்ஜ் நின்றால், பேட்டரியில் இருப்பு தீரும் வரை ஓடிவிட்டு நடுரோட்டில் நிற்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி: இன்ஜினை ஓட விடாமல் சாவியை மட்டும் போட்டு ஹெட்லைட் சுவிட்சைத் தட்டுங்கள். எரிந்தால் டி.சி. எரியவில்லையென்றால், பல்பு நன்றாக இருக்கும் பட்சத்தில், ஏ.சி. ஆனால் இன்ஜின் ஓடினால்தான் ஹெட்லைட் எரியும்படி ரிலே வைத்த சில டி.சி. வண்டிகளும் உண்டு, அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

பேட்டரியை முதலில் விசாரியுங்கள்

பேட்டரியைக் குற்றவாளி ஆக்க வேண்டாம் என்றேன். ஆனாலும் விசாரணை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். செத்த பேட்டரியை வைத்துக்கொண்டு சார்ஜிங்கை அளந்தால் எல்லா அளவும் தப்பாக வரும்.

வண்டியை ஓட்டாமல் சில மணி நேரம் விட்டுவிட்டு, மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்புக் குச்சியைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு செல்கள் உண்டு. முழு சார்ஜில் 12.6-லிருந்து 12.8 வரை காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் காலி என்றே சொல்லலாம். நன்றாக சார்ஜ் செய்து வைத்த பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஒரு செல் போய்விட்டது. அந்தப் பேட்டரியை மறந்துவிடலாம்.

வோல்ட் மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. சுமையில்லாமல் 12.6 காட்டிவிட்டு, செல்ஃப் அடித்ததும் 8-க்கு விழும் பேட்டரிகள் நிறைய. மீட்டரைப் பேட்டரியில் வைத்தபடியே யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 10 வோல்ட் அளவிலாவது தாங்க வேண்டும்.

வெளியே சார்ஜ் போடக் கொடுத்தால் ஒன்றைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பேட்டரியின் கொள்ளளவான ஆம்பியர் அவர் (Ah) எவ்வளவோ அதில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும். 9 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 0.9 ஆம்பியர், ஸ்ப்ளெண்டரின் 2.5 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு வெறும் 0.25. கார், லாரி பேட்டரிகளோடு சேர்த்து ஒரே லைனில் மாட்டிவிட்டால் சின்னப் பேட்டரி வெந்துவிடும். ஆசிட் ஊற்றும் வகையென்றால், முதல் தடவை மட்டும்தான் ஆசிட். அதன் பிறகு குறையும்போது ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, சிகரெட், ஊதுபத்தி எதுவும் வேண்டாம்.

ஓடும் வண்டியில் ஒரு அளவு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு சோதனையை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். சார்ஜ் உள்ள பேட்டரியை மாட்டி, மீட்டரை அதே 20 வோல்ட்டில் பேட்டரி முனைகளில் வைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலிங்கில் 12.8, 13 என்று நிற்கும். மெதுவாக ஆக்ஸிலேட்டரை முறுக்கி 4,000 ஆர்.பி.எம். (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) வாக்கில் பிடியுங்கள். எண் 13.5-ஐத் தாண்டி ஏறி, 14-க்கும் 14.5-க்கும் நடுவில் எங்கோ நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் முறுக்கினாலும் அது ஏறக் கூடாது. பிறகு ஹெட்லைட், பிரேக், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் போட்டு அதே வேகத்தில் பாருங்கள். அப்போதும் 13.5-ஐ ஒட்டி நின்றால் உங்கள் சார்ஜிங் நலமாக இருக்கிறது. கோளாறு பேட்டரியிலோ, நிறுத்தி வைத்திருக்கும்போது மின்சாரம் கசிவதிலோ இருக்கிறது.

முறுக்கியும் எண் 12.5-லேயே நின்றாலோ, லைட் போட்டதும் கீழே இறங்கிக்கொண்டே போனாலோ சார்ஜ் வரவில்லை. ஆனால் 15, 16 என்று ஏறினால் ரெகுலேட்டர் வேலையை விட்டுவிட்டது. அந்த வண்டியில் பல்புகள் அடிக்கடி ஃப்யூஸ் போகும், பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், சைடு கவரைத் திறந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அந்த நிலையில் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டாம்.

பழைய புல்லட்டில் ஹெட்லைட் டூமின் மேலேயே, பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் ஆம்மீட்டர் இருக்கும். லைட் போட்டு ஐடிலிங்கில் விட்டால் முள் மைனஸ் பக்கம் சாயும். முறுக்கினால் பிளஸ்ஸுக்கு வரும். பேட்டரி நிரம்பியதும் நடுவை ஒட்டி நிற்கும். எவ்வளவு முறுக்கினாலும் முள் மைனஸிலேயே கிடந்தால் விஷயம் தெரிந்துவிட்டது. அந்த முள்ளைப் பார்த்து ஓட்டப் பழகியவர்களுக்குப் பேட்டரி திடீரென்று காலியாவதே கிடையாது.

ஒரு எச்சரிக்கை. வண்டி ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, “இன்ஜின் நிற்கவில்லை, ஆகவே சார்ஜிங் ஓகே” என்று காட்டும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பேட்டரி இல்லாத நேரத்தில் வோல்ட் எகிறும்; பல்பு, ஆர்.ஆர்., பொறியை உண்டாக்கும் சி.டி.ஐ. பெட்டி எதை வேண்டுமானாலும் அது பறித்துக்கொண்டு போகும். உங்கள் வண்டியில் செய்ய விடாதீர்கள்.

காசு செலவில்லாத குற்றவாளி: கப்ளர், எர்த்

சார்ஜ் வரவில்லை என்று தெரிந்ததும் பாகம் வாங்க ஓட வேண்டாம். பழைய வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இணைப்புகளைத்தான். காயிலிலிருந்து ஆர்.ஆர்.-க்குப் போகும் வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளரைத் தேடுங்கள். பல வண்டிகளில் ஒரே நிறத்தில், பெரும்பாலும் மஞ்சளில், மூன்று வயர்கள் அதில் வந்து சேரும். கப்ளரின் வெள்ளை பிளாஸ்டிக் ஒரு மூலையில் மட்டும் டீத்தூள் நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இழுத்தால் லேசில் கழலாது. பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருக்கும். கழன்றதும் உள்ளே ஒரு பின் மட்டும் கறுத்து, அதைக் கவ்வ வேண்டிய டெர்மினல் வாய் அகன்று தொளதொளவென்று கிடக்கும். அந்தப் பின் வழியாகப் போக வேண்டிய மின்சாரமெல்லாம் அங்கேயே சூடாகத் தீர்ந்துகொண்டிருந்தது. உப்புத் தாளால் தேய்த்து மாட்டினால் சில நாள் ஓடும். சூட்டில் இளகிய டெர்மினலுக்குக் கவ்வும் பலம் திரும்பி வராது. இரண்டு பக்கமும் கப்ளரை வெட்டிவிட்டுப் புது டெர்மினல் போட்டு அழுத்திக் கட்டுவதுதான் சரி. வயரை முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத மோசமான இணைப்பைக் கண்டுபிடிக்க அருமையான ஒரு அளவு இருக்கிறது. அதிகம் பேர் செய்வதில்லை. வண்டியை ஓட விட்டு, லைட் போட்டு, 4,000-ல் பிடித்து, மீட்டரின் ஒரு குச்சியைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மற்றதை ஆர்.ஆர்.-லிருந்து வெளியே வரும் பிளஸ் வயரின் டெர்மினலிலும் வையுங்கள். இரண்டும் ஒரே வயர்தானே என்று தோன்றும். நல்ல வண்டியில் 0.2 வோல்ட்டுக்குள்தான் வரும். 1 வோல்ட் காட்டினால், ஆர்.ஆர். 14.3 அனுப்பியும் பேட்டரிக்கு 13.3-தான் வந்து சேர்கிறது. வழியில் ஃப்யூஸ் ஹோல்டரோ, சாவி சுவிட்சோ, ஒரு ஜாயின்டோ ஒரு வோல்ட்டைத் தின்கிறது. மைனஸ் பக்கமும் இதே போல: பேட்டரி மைனஸுக்கும் ஆர்.ஆர். எர்த்துக்கும் நடுவில்.

எர்த் என்பது மைனஸ் வயர் வண்டியின் இரும்பு உடம்போடு சேரும் இடம். அதில் கோளாறு அதிகம் வருவது புதுப்பித்த வண்டிகளில். ஃபிரேமைக் கழற்றிப் பளபளவென்று பெயின்ட் அடித்து மாட்டுகிறார்கள்; எர்த் போல்ட் உட்காரும் இடத்திலும் பெயின்ட். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. அந்த ஒரு ரூபாய் காசு அளவு வட்டத்தை மட்டும் இரும்பு தெரியும் வரை சுரண்டி, வயரை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் போதும். கடலோர ஊர்களிலும், பிரஷர் பம்ப் வைத்து வாட்டர் வாஷ் செய்யும் வண்டிகளிலும் இதே இடத்தில் துரு பிடிக்கும்.

காயிலா, ஆர்.ஆர்.-ஆ?

இணைப்புகள் நன்றாக இருந்தும் சார்ஜ் வரவில்லையென்றால் மிச்சம் இருப்பது இந்த இரண்டுதான். காயில் கப்ளரைப் பிரியுங்கள். இன்ஜின் பக்கம் இருக்கும் பாதியில்தான் இப்போது வேலை.

மூன்று வயர் வகையில், இன்ஜின் நிற்கும்போது மீட்டரை ஓம் (மின்தடை) பக்கம் வைத்து இரண்டிரண்டாக அளவெடுங்கள்: ஒன்றும் இரண்டும், இரண்டும் மூன்றும், ஒன்றும் மூன்றும். மிகக் குறைந்த எண், பெரும்பாலும் ஒரு ஓமைச் சுற்றி, மூன்று தடவையும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். பிறகு ஒவ்வொரு வயருக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவில் பாருங்கள். அங்கே தொடர்பே இருக்கக் கூடாது; மீட்டர் ‘ஓ.எல்.’ என்றோ 1 என்றோ மட்டும் காட்ட வேண்டும். ஏதாவது எண் வந்தால் காயிலின் வார்னிஷ் கருகி, கம்பி இரும்பைத் தொட்டுவிட்டது.

அடுத்து மீட்டரை ஏ.சி. வோல்ட்டில், 200-ல் வையுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து 4,000–5,000-ல் பிடித்து மறுபடி அதே மூன்று ஜோடிகளையும் அளந்து பாருங்கள். மூன்று வயர் வண்டிகளில் 50 வோல்ட்டோ அதற்கு மேலோ வருவது வழக்கம். எவ்வளவு வருகிறது என்பதைவிட மூன்றும் சமமாக வருகிறதா என்பதுதான் முக்கியம். 55, 56, 22 என்று வந்தால் ஒரு சுற்று போய்விட்டது. கம்பியைத் தொடாதீர்கள்; ஷாக் அடிக்கும்.

ஸ்ப்ளெண்டர் போன்ற சின்ன வண்டிகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவற்றில் லைட், சார்ஜிங் காயிலின் ஒரு முனை காயில் பிளேட்டிலேயே எர்த் ஆகியிருக்கும். அங்கே பாடியோடு தொடர்பு காட்டினால் அது கோளாறு இல்லை. மேலே சொன்ன சோதனையை அப்படியே செய்து நல்ல காயிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உங்கள் மாடலின் வயரிங் படத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

காயில் நன்றாக இருக்கிறது, இணைப்பும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பேட்டரியில் 12.5-தான் என்றால் ஆர்.ஆர். போய்விட்டது. ஆர்.ஆர்.-க்குள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் உண்டு; மீட்டரை டயோடு பக்கத்தில் வைத்து அவற்றை உறுதி செய்யலாம். காயில் வயர் நுழையும் ஒவ்வொரு பின்னுக்கும் பிளஸ் பின்னுக்கும் நடுவில் ஒரு திசையில் 0.5 வோல்ட்டை ஒட்டி வரும். குச்சிகளை மாற்றி வைத்தால் எதுவும் வரக் கூடாது. இரண்டு பக்கமும் வந்தாலோ, இரண்டு பக்கமும் வராவிட்டாலோ அந்த டயோடு செத்தது. இந்தச் சோதனையில் தேறிய ஆர்.ஆர்.-கூட சூடானதும் படுத்துக்கொள்வதுண்டு. ஆகையால் ஓடும்போது எடுத்த அளவையே இறுதியாக நம்புங்கள்.

மாற்றும்போது டூப்ளிகேட் ஆர்.ஆர். வாங்காதீர்கள். விலை பாதிதான், ஆனால் வோல்ட்டைச் சரியாகப் பிடிக்காமல் பேட்டரியையும் சேர்த்துக் கொன்றால் மிச்சம் பிடித்தது எங்கே? உதிரிபாகம் நின்றுபோன மாடல்களுக்குக் காயில் திரும்பக் கட்டிக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே கனம் கம்பி, அதே எண்ணிக்கைச் சுற்று, சூடு தாங்கும் வார்னிஷ் என்று கேட்டுக் கட்டச் சொல்லுங்கள். கருகிய காயிலை மாற்றும்போது ஆர்.ஆர்.-ஐயும் அளக்காமல் விடக் கூடாது. ஒன்று போகும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு போவது வழக்கம்.

எல்லாம் சரி, இரண்டு நாள் நிறுத்தினால் காலி

சார்ஜிங் அளவெல்லாம் நன்றாக இருந்தும் பேட்டரி இறங்குகிறதென்றால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பலர் செல்ஃபைக் குற்றம் சொல்வார்கள். செல்ஃப் 80 ஆம்பியர் இழுக்கிறது, மூன்று நொடியில் ஸ்டார்ட் ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். செலவு 0.07 ஆம்பியர் அவர்கூட இல்லை. 9 ஆம்பியர் அவர் பேட்டரியில் அது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் டி.சி. வண்டியில் இன்ஜின் ஓடாமல் 60 வாட் ஹெட்லைட்டைப் பத்து நிமிடம் எரிய விட்டால் 0.8 ஆம்பியர் அவர் போய்விடும். அதே வண்டியில் 100 வாட் பல்பு மாட்டினால் 5 ஆம்பியருக்குப் பதில் 8.3 இழுக்கும், நகர நெரிசலில் ஐடிலிங்கில் நிற்கும் காயிலால் அதை ஈடுகட்ட முடியாது. பேட்டரி மேல் குற்றமே இல்லை, பல்புதான் பெரிது.

நிறுத்தி வைத்திருக்கும்போது கசிவதைப் பார்க்க, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி மைனஸ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய வயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் வையுங்கள். மீட்டர் இப்படி இருக்கும்போது சாவி போடக் கூடாது, செல்ஃபைத் தொடவே கூடாது. மீட்டர் கெட்டுவிடும். கடிகாரம், அலாரம் எதுவும் இல்லாத பழைய வண்டியில் ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். 0.05 ஆம்பியர் வந்தால்? 2.5 ஆம்பியர் அவர் பேட்டரி 50 மணி நேரத்தில், அதாவது இரண்டே நாளில் காலி. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: பேட்டரியிலிருந்து நேராக இழுத்த மொபைல் சார்ஜர், ஜி.பி.எஸ்., அலாரம், கூடுதல் ஃபாக் லைட் ரிலே, கடைசியில் ஆர்.ஆர். கப்ளர். எதைக் கழற்றியதும் எண் பூஜ்யத்துக்கு விழுகிறதோ அதுதான் திருடன். ஆர்.ஆர். கழற்றியதும் விழுந்தால் அதன் டயோடு பின்னோக்கிக் கசிகிறது. ஓடும்போது 14 காட்டினாலும் அதை மாற்றத்தான் வேண்டும்.

6 வோல்ட் வண்டி வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன பேட்டரி அளவுகளைப் பாதியாக்கிக்கொள்ளலாம்: நிற்கும்போது 6.3, ஓடும்போது 7-ஐ ஒட்டி. பழைய ஜாவா, யெஸ்டியில் வரும் டைனமோவுக்கு மட்டும் இந்தக் காயில் சோதனை பொருந்தாது. அதில் கார்பன் பிரஷ்ஷும், அது உரசும் செம்புச் சுற்றான கம்யூட்டேட்டரும் உண்டு. பிரஷ் தேய்ந்திருக்கிறதா, ஸ்பிரிங் அழுத்துகிறதா, கம்யூட்டேட்டரில் கரி படிந்திருக்கிறதா என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.